ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் போலாம்னு இருக்கேன், உள்ள போகத்தான் பயமா இருக்குது. போனவங்க யாராவது சொல்லுங்க

திருப்பூர்_ஓவர்லாக்:

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. வயசு 36. திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டு. 19 வயசுல பிரண்டு கூட கட்டிங் போட்டு ஆரம்பிச்சது, இப்ப தினமும் ரெண்டு குவார்ட்டர், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துட்டா கணக்கே கிடையாது. ஞாயித்துக்கிழமை எப்படி விடிஞ்சதுன்னே தெரியாது.

போன மாசம் ஒரு நாள் காலைல ஷிப்டுக்கு போய் உக்காந்தேன், மெஷின்ல நூல் அந்துருச்சு, ட்வீசர்ல புடிச்சு லூப்பர்ல கோக்கணும், கை நடுங்கற நடுக்கத்துல கோக்கவே முடியல. அஞ்சு நிமிசம் பாத்துட்டு பக்கத்து மெஷின் பொண்ணு எந்திரிச்சு வந்து ஒண்ணும் பேசாம கோத்து குடுத்துட்டு போச்சு. பதினேழு வருசமா இந்த வேலை பண்றவனுங்க நானு. அதுக்கு 20 வயசு இருந்தா அதிகம்.

விடணும்னு முயற்சி பண்ணாம இல்ல. ரெண்டு தடவை சபரிமலைக்கு மாலை போட்டேன், 48 நாளும் ஒரு சொட்டு தொடல, ரெண்டு தடவையும் மாலை கழட்டின அன்னைக்கு நைட்டே கடைல நின்னேன். ஒரு தடவை கோயில்ல கயிறு கட்டிட்டு வந்தேன், அது இருவது நாள். வீட்டுக்காரி பையன கூட்டிட்டு அவங்க அம்மா வீட்டுக்கு போய் மூணு வாரம் ஆச்சு.

ஒருத்தர் ஏஏ மீட்டிங் போனு சொன்னாரு, குடிய விட்டவங்க எல்லாம் கூடி பேசிக்குவாங்களாம். போலாம்னு தோணுது ஆனா எனக்கு ஆயிரம் சந்தேகம். எங்க நடக்குதுன்னு எப்படி கண்டுபுடிக்கறது, காசு கட்டணுமா, ஆதார் கார்டு கேப்பாங்களா, எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாடியும் பேசச் சொல்லுவாங்களா, சர்ச்ல நடக்குதுன்னு சொல்றாங்களே மதம் மாத்திருவாங்களா (எங்கம்மா கேக்கச் சொல்லுச்சு, கோவிச்சுக்காதீங்க). எல்லாத்தையும் விட பெரிய பயம், அங்க தெரிஞ்சவங்க யாராவது இருந்துட்டா? இது சின்ன ஊருங்க, ஒரு கம்பெனில நடக்கறது அடுத்த நாள் காலைல டீக்கடைல தெரிஞ்சுரும்.

பழைய_குடிகாரன்_11:

தம்பி, திருச்சிலேர்ந்து எழுதறேன். கடைசியா குடிச்சு 11 வருஷம் ஆச்சு. உன் போஸ்ட்ட காலைல படிச்சேன், ஆபீஸ்ல உக்காந்து பதில் எழுத மனசு வரல, இப்ப ராத்திரி சாப்ட்டுட்டு எழுதறேன், நீளமா போகும்.

காசு கெடையாது. ஃபீஸ், மெம்பர்ஷிப், ரிஜிஸ்டர், ஆதார், போட்டோ ஒரு மண்ணும் கெடையாது. மீட்டிங் நடுவுல ஒரு துணிப்பை சுத்தி வரும், இஷ்டம் இருக்கறவங்க கைய உள்ள விட்டு பத்தோ இருவதோ போடுவாங்க, ஹால் வாடகைக்கும் டீத்தூளுக்கும். புதுசா வந்தவங்கள நீங்க போட வேணாம்னு அவங்களே சொல்லிருவாங்க. வெளியாள் யாராவது லட்ச ரூபா டொனேஷன் தரேன்னு வந்தாலும் வாங்க மாட்டாங்க, அது அவங்க மரபு.

பேரும் முழுசா சொல்லத் தேவையில்ல. நீ முருகேசன்னு வச்சுக்க, முருகான்னு சொன்னா போதும், வேற பேரு சொன்னாக்கூட யாரு செக் பண்ண போறா. அனானிமஸ், பேர் சொல்லாதவங்கன்னு பேர்லயே இருக்கே.

என் முதல் மீட்டிங்க சொல்றேன். ஒரு பள்ளிக்கூடம், ரெண்டாங்கிளாஸ் ரூமு. சின்னப் பசங்க பெஞ்சு, முட்டி நெஞ்சுல இடிக்குது, கரும்பலகைல ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிஞ்சு கெடக்கு. ஒரு பதினஞ்சு பேர் இருப்பாங்க. ஆட்டோ ஓட்றவரு, பேங்க்ல வேல பாக்கறவரு, காதுல கடுக்கன் போட்ட காலேஜ் பையன், ரிட்டயர்டு வாத்தியார். நான் கடைசி பெஞ்சுல கதவோரமா உக்காந்தேன், ஓடணும்னா வசதியா. ஒரு நிமிஷம் மௌனம், அப்புறம் ஏஏன்னா என்னன்னு ஒரு சின்ன பாரா வாசிச்சாங்க, குடிய விடறதுக்கு ஏஏ வச்சிருக்கற பன்னண்டு படிகள வாசிச்சாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு பேசறாங்க. யாரும் குறுக்க பேசக்கூடாது, அட்வைஸ் பண்ணக்கூடாது. அந்த வாத்தியார் சொன்னாரு, பரீட்சை பேப்பர் திருத்த உக்காந்தா கை எழுத்து கோணும்னு பேனா பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு போடுவாராம். அதுவரைக்கும் நான் செல்போன நோண்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் நோண்டல.

என் முறை வந்துச்சு. "நான் சும்மா கேக்க வந்தேன்"னேன். "வாங்க, கேளுங்க"ன்னுட்டு அடுத்தவருகிட்ட போயிட்டாங்க. அவ்ளோதான் தம்பி. மூணு மாசம் நான் வாயத் தொறக்கல, ஒருத்தரும் தொறக்கச் சொல்லல.

சர்ச்சு விஷயம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கம்மி வாடகைக்கு ஒரு ஹால எவன் குடுப்பான்? சர்ச்சு குடுக்குது, ஸ்கூல் குடுக்குது, சில ஊர்ல ஆஸ்பத்திரி குடுக்குது. இடம்தான் அவங்களோடது, மீட்டிங் அவங்களோடது இல்ல. எங்க குரூப்ல நெத்தி நிறைய பட்டை போட்டவரும் இருக்காரு, தொப்பி போட்ட பாயும் இருக்காரு. அம்மாகிட்ட தைரியமா சொல்லு.

தெரிஞ்சவங்க பாத்துட்டா? நானும் இத எட்டு மாசம் யோசிச்சேன். ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு கடை மூடப் போறான்னு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மெயின் ரோட்ல ஓடினப்ப ஊரே பாத்துச்சு, அப்ப வராத வெக்கம் இதுக்கு மட்டும் வந்துச்சு. ஆனா உன் பயம் புரியுது, பயம் போனப்புறம்தான் போகணும்னு இல்ல. முதல் பத்து மீட்டிங் பக்கத்து ஊர்ல போ. திருப்பூர்லேர்ந்து கோயமுத்தூர் பஸ்ல ஒண்ணரை மணி நேரம்.

கண்டுபுடிக்கறது ஈஸி. ஏஏ இந்தியான்னு தேடினா அவங்க வெப்சைட் வரும், தலைமை ஆபீஸ் மும்பைல, அதுல ஊர் வாரியா மீட்டிங் லிஸ்டும் போன் நம்பரும் இருக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க, லிஸ்ட்ட நம்பி நேரா கெளம்பிடாத, ஹால் மாறியிருக்கும் நேரம் மாறியிருக்கும், பூட்டின கேட்ட பாத்துட்டு திரும்பினேன்னு வையி, திரும்பற வழில கடை இருக்கும். போன் பண்ணி கேட்டுட்டு போ. நீ போன் பண்ணினா எடுக்கறவரும் குடிச்சவர்தான், ஃபோன்ல உன் குரல் நடுங்கறது அவருக்கு புரியும். நெறைய பேர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டு போவாங்க. "ஓப்பன் மீட்டிங்"னு போட்டிருந்தா வீட்டு ஆளுங்க, சும்மா தெரிஞ்சுக்க வர்றவங்க எல்லாரும் உக்காரலாம், "க்ளோஸ்டு"ன்னா குடிய விடணும்னு நெனக்கறவங்க மட்டும். நீ ரெண்டுக்கும் போலாம்.

போன் பண்ண கூச்சமா இருந்தா இத நெனச்சுக்க. இந்த ஏஏவே ஒரு போன் கால்லதான் ஆரம்பிச்சுது. 1935, அமெரிக்கால ஏக்ரன்னு ஒரு ஊரு. பில்னு ஒருத்தர், குடிய விட்டு அஞ்சாறு மாசம்தான் ஆகுது, வியாபார விஷயமா வந்தவரு, டீல் ஊத்திக்கிச்சு, ஹோட்டல் லாபில நிக்கறாரு, ஒரு பக்கம் குடிக்கற பார், இன்னொரு பக்கம் டெலிபோனு. அங்க மாட்டியிருந்த சர்ச்சு லிஸ்ட்ட பாத்து வரிசையா போன் போட்டு, "நான் ஒரு குடிகாரன், பேசறதுக்கு எனக்கு இன்னொரு குடிகாரன் வேணும்"கற மாதிரி கேட்டிருக்காரு. சுத்தி வளைச்சு பாப்னு ஒரு டாக்டர்கிட்ட கொண்டு போய் விட்டாங்க, அவரும் மொடாக்குடி. அந்த டாக்டரு கடைசியா குடிச்சது அந்த வருஷம் ஜூன் 10ம் தேதி, அதத்தான் ஏஏ ஆரம்பிச்ச நாள்னு வச்சுருக்காங்க. போன்ல கிறுக்கன்னு நெனப்பாங்களோன்னு அந்த மனுஷனுக்கும் இருந்திருக்கும்ல.

மாலை போட்டு 48 நாள் இருந்திருக்கேல்ல. அது சும்மா இல்ல தம்பி. அங்க சாமிமாருங்க கூட்டமா இருந்தாங்க, தினமும் ரெண்டு வேளை கூடினீங்க, சரணம் சொன்னீங்க, நீயும் இருந்த. கழட்டினதும் தனியாளாயிட்ட. மீட்டிங்ல கழட்டற தேதின்னு ஒண்ணு கெடையாது, வித்தியாசம் அவ்ளோதான்.

வார்டு_அக்கா:

நான் மனநல வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஓவர்லாக் தம்பி, மீட்டிங்குக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு கேள்வி. மாலை போட்ட முதல் மூணு நாலு நாள் எப்படி இருந்துச்சு? தூக்கம் வந்துச்சா, வேர்த்துச்சா, இல்லாத எதையாவது பாத்தீங்களா?

திருப்பூர்_ஓவர்லாக்:

ரெண்டாவது தடவை மாலை போட்டப்ப முதல் நாள்லருந்தே வேர்வை, வாந்தி. மூணாவது நாள் ராத்திரி செவுத்துல எறும்பு கூட்டமா ஊருது தட்டி விடுங்கனு கத்துனனாம், எனக்கு ஞாபகம் இல்லீங்க. குருசாமி சாமி வந்துருச்சுனு சொல்லி திருநீறு போட்டாரு.

வார்டு_அக்கா:

அது சாமி இல்ல தம்பி. பல வருஷமா தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா மூளை தடுமாறும். கை நடுக்கம், வேர்வை எல்லாம் ஆறு மணி நேரத்துலயே ஆரம்பிக்கலாம். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்லேர்ந்து நாலாம் நாளுக்குள்ள நீங்க பாத்த மாதிரி எறும்பு, பாம்பு, செத்துப்போனவங்க, பொழுது எது நாள் எதுன்னு தெரியாம போறது, டெலிரியம்னு சொல்லுவோம், வைத்தியம் பாக்கலன்னா உயிர் போற விஷயம். ஒரு தடவை வந்தவங்களுக்கு அடுத்த தடவை வர்ற வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி. அதனால இந்த தடவை வீட்ல கதவ சாத்திக்கிட்டு வைராக்கியமா நிறுத்தற வேலையே வேணாம். ஜிஹெச்ல மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டு போங்க, "தினமும் ரெண்டு குவார்ட்டர், போன தடவை நிறுத்தினப்ப எறும்பு தெரிஞ்சுது" இந்த ரெண்டு வரிய மட்டும் டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க, மீதிய அவங்க பாத்துப்பாங்க. நடுக்கத்துக்கு மாத்திரை குடுத்து படிப்படியா குறைப்பாங்க. வைட்டமின் பி1, தயமின்னு ஒரு ஊசி, அது ரொம்ப முக்கியம். தெரு முனை கிளினிக்ல போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வர்ற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இருக்கு, தயமின் இல்லாம வெறும் குளுக்கோஸ் ஏத்தறது குடிக்கறவங்களுக்கு மூளைய பாதிக்கலாம்.

ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பு தெளிஞ்சுரும். மனசு தெளியறதுக்குத்தான் மீட்டிங். எங்க வார்டுலயே ஏஏ ஆளுங்க வந்து பேசுவாங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்களே கேளுங்க, பக்கத்துல எங்க மீட்டிங் இருக்குன்னு வார்டுலயே தெரியும். ராத்திரி யாருகிட்டயாவது பேசணும்னா 14416, அது டெலிமனாஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்ல பேசலாம். போதை பழக்கத்துக்குன்னே 14446 இருக்கு. ரெண்டும் இலவசம்.

இன்னொன்னு, வீட்ல யாராவது இத படிச்சா அவங்களுக்கு. சாம்பார்ல கலந்து குடுங்க, அவருக்கு தெரியாமலே குடி நின்னுடும்னு பவுடர் விக்கறாங்களே, வாங்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. டைசல்பிராம்னு குடிச்சா உடம்பு ஒத்துக்காம பண்ற ஒரு மாத்திரை, அது மாதிரி எதாவது இருந்தா, அது தெரியாம அந்த ஆளு குடிச்சா மூஞ்சி செவந்து படபடன்னு அடிச்சு பிபி இறங்கி செத்தே போகலாம். அந்த மாத்திரை தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சொல்லி எடுக்கறவங்களுக்கு மட்டும்தான்.

நேர்மையா_சொல்றேன்:

எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. எனக்கு தெரிஞ்சு மன உறுதி இருந்தா போதும். எங்க சித்தப்பா ஒரே நாள்ல விட்டாரு, இன்னைக்கு வரைக்கும் தொடல. வட்டமா உக்காந்து அழுது பேசிட்டா குடி போயிடுமா? அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்.

வார்டு_அக்கா:

உங்க சித்தப்பாவுக்கு வலிப்பு வரல, அதிர்ஷ்டம். வந்தவங்கள நான் தினமும் பாக்கறேன். 2019ல எய்ம்ஸ் சர்வே வந்துச்சு, நாடு முழுக்க எடுத்தது, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதோ ஒரு உதவி கெடச்சதா சொல்லியிருக்காங்க. மீதி 37 பேரும் மன உறுதியதான் நம்பிட்டு இருக்காங்க சார். அப்புறம் இந்த உக்காந்து பேசற விஷயம், 2020ல காக்ரேன்காரங்க, மருத்துவ ஆய்வுகள தொகுத்துப் பாக்கற அமைப்பு, 27 ஆய்வ சேத்து வச்சு பாத்தாங்க, பத்தாயிரம் பேருக்கு மேல. முழுசா குடிய விட்டு இருக்கற விஷயத்துல ஏஏவும் ஏஏ பக்கம் கொண்டு விடற சிகிச்சையும் மத்த கவுன்சலிங்க விட பின்தங்கல, பல இடத்துல மேலயே இருந்துச்சு. எல்லாருக்கும் ஒத்து வரும்னு நான் சொல்லல. அழுது பேசற இடம்னு மட்டும் நெனக்காதீங்க.

கருப்புச்சட்டை:

தோழர் ஓவர்லாக், நான் சாமி கும்பிடாதவன். அதனால யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன். பன்னண்டு படில கடவுள் வர்றாரு. ரெண்டாவது படிலயே நம்மள விட பெரிய சக்தின்னு ஆரம்பிச்சு மூணாவதுல நேரா கடவுள்ட்ட ஒப்படைக்கச் சொல்றாங்க. முதல் நாள் கேட்டப்ப எந்திரிச்சு போயிடலாம்னு இருந்துச்சு. மீட்டிங் முடிஞ்சு டீ குடிக்கும்போது சண்டைக்கே போனேன், கள்ளுக்கு போகுதுன்னு சொந்த தென்னந்தோப்ப வெட்டி சாச்ச பெரியார் வழி வந்தவன் நான், குடிய விட எனக்கு கடவுள் எதுக்குன்னு. அங்க ஒரு பெரியவர் பிஸ்கட்ட டீல நனைச்சுக்கிட்டே கேட்டாரு, "நீங்க தனியா முயற்சி பண்ணி எத்தன நாள் இருந்தீங்க?" ஒம்பது நாள்னேன். "இந்த ரூம்ல இருக்கற பன்னண்டு பேருக்கும் மொத்தம் எத்தன வருஷம் இருக்கும்?" கூட்டிப்பாத்தா எம்பது தொண்ணூறு வருஷம் வந்துச்சு. "அப்ப இந்த ரூம் உங்கள விட பெரிய சக்திதானே, இதையே வச்சுக்கங்க, மேல எங்கயும் பாக்க வேணாம்"னாரு.

அதையே வச்சுக்கிட்டேன், நாலு வருஷம் ஓடிருச்சு. கடைசில எந்திரிச்சு நின்னு கைய கோத்து பிரார்த்தனை சொல்லும்போது நான் கைய குடுப்பேன், வாய மூடிப்பேன். யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. கடவுளே இல்லாத முறை வேணும்னா ஸ்மார்ட் ரெகவரின்னு ஒண்ணு இருக்கு, சிந்தனை முறைய மாத்தற பயிற்சி மாதிரி, ஆன்லைன்ல நான் பாத்தது எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, எனக்கு இங்கிலீஷ்ல அழ வரல.

நேர்மையா_சொல்றேன்:

பெரியாரே பின்னாடி மதுவிலக்க எதிர்த்தாரு, அதையும் சேத்து சொல்லுங்க தோழர் 😀

கருப்புச்சட்டை:

எதிர்த்தாரு, உண்மைதான். அவரு அரசாங்க சட்டத்த எதிர்த்தாரு, என்னைய குடின்னு சொல்லல. பேச்ச வேற பக்கம் இழுக்காதீங்க, தம்பி வேற கேள்வி கேட்டுருக்காரு.

மூணாவது_மாடி:

நான் குடிக்கறவரோட மனைவி. சென்னை. ஓவர்லாக் அண்ணா, உங்க வீட்டுக்காரிக்காக எழுதறேன், முடிஞ்சா அவங்ககிட்ட இத காட்டுங்க.

குடிச்சவங்களுக்கு ஏஏ இருக்கற மாதிரி வீட்ல இருக்கறவங்களுக்கு அல்-அனான்னு இருக்கு. அத ஆரம்பிச்சதுல முக்கியமானவங்க மேல அண்ணன் சொன்ன பில்லோட மனைவியேதான். நான் போக ஆரம்பிச்சப்ப இவரு நல்லா குடிச்சுட்டுதான் இருந்தாரு. அவரு வந்தாதான் நான் போகணும்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்படி இல்லையாம், அவரு குடிச்சா என்ன குடிக்கலன்னா என்ன நான் போலாமாம்.

நான் என்னெல்லாம் பண்ணியிருக்கேன் தெரியுமா. அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்ச பாட்டில எடுத்து சரக்கு எவ்ளோ இருக்குன்னு பேனால கோடு போட்டு வைப்பேன், மறுநாள் பாப்பேன், கோடு இறங்கியிருக்காது, சந்தோஷப்படுவேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அவரு குடிச்சுட்டு தண்ணி ஊத்தி கோட்டுக்கு கொண்டு வந்து வச்சுருக்காருன்னு. அவரு ஆபீசுக்கு போன் பண்ணி ஃபீவர்னு எத்தன தடவை பொய் சொல்லியிருப்பேன். ஒரே வருஷத்துல அவரோட பாட்டி மூணு தடவை செத்துட்டாங்க. மீட்டிங்ல போய் இத சொன்னேன், அங்க இருந்த அக்காங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க, எனக்கு கோவம் வந்துச்சு, அப்புறம் ஒருத்தங்க சொன்னாங்க, "எங்க வீட்ல மாமனார் ரெண்டு தடவை". நானும் சிரிச்சுட்டேன். எத்தன வருஷம் கழிச்சு சிரிச்சேனோ.

அங்க சொல்லிக் குடுத்தது, இந்த குடிக்கு காரணம் நான் இல்ல, இத என்னால அடக்க முடியாது, குணப்படுத்தவும் முடியாது. கேக்க சுலபமா இருக்கு. அவரு வேலைக்கு போகாத அன்னைக்கு போன எடுக்காம இருந்தேன் பாருங்க, கை எப்படி நடுங்குச்சு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. நாங்க ஏமாந்தோம். மூணு மாசத்துல குணம்னு ஒரு தனியார் சென்டர்ல கொண்டு போய் விட்டோம், பேரு வேணாம். முதல் மாசம் பாக்கவே விடல, கூட்டிட்டு வரும்போது முதுகுல தழும்பு. எந்த போதை மறுவாழ்வு சென்டரா இருந்தாலும் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்த சான்றிதழ காட்டச் சொல்லுங்க. உள்ள சுத்திப் பாக்க விடாத இடத்துல விடாதீங்க. சென்னை பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லணும்னா, இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி 1980லேர்ந்து இருக்கு, சாந்தி ரங்கநாதன் அம்மா குடியால கணவர இழந்துட்டு ஆரம்பிச்சாங்க, அங்க குடும்பத்துக்கும் சேத்து வைத்தியம் பாப்பாங்க. ஆளு மட்டும் தெளிஞ்சு வீடு பழைய மாதிரியே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கிட்டவங்க.

திருப்பூர்_ஓவர்லாக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன மாதிரி திங்கக்கிழமை ஜிஹெச் போனேன், அந்த ரெண்டு வரிய பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட குடுத்துட்டேன், வாயில வர்ல. அட்மிட் ஆகச் சொன்னாங்க, புதன்கிழமை படுக்கை காலியாகுமாம், அதுவரைக்கும் திடீர்னு நீங்களா நிறுத்தாதீங்கனு சொல்லிட்டாங்க. அதனால இன்னைக்கும் குடிச்சுட்டுதான் இருக்கேன், கேவலமா இருக்குது. இந்த நெலமைல மீட்டிங்குக்கு போன் பண்ணலாமா? குடிச்சிருந்தா உள்ள விடுவாங்களா?

பழைய_குடிகாரன்_11:

விடுவாங்க. சேர்றதுக்கு ஒரே தகுதிதான், குடிய நிறுத்தணுங்கற ஆசை. நிறுத்தியிருக்கணும்னு இல்ல. குடிச்சிருந்தா அன்னைக்கு பேச வேணாம், கேட்டுட்டு போங்கன்னு சொல்லுவாங்க, ஓரமா உக்கார வச்சு டீ குடுப்பாங்க. நீ இப்ப படுக்கைக்கு காத்துட்டு இருக்க, அது டாக்டர் சொன்னபடி. அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. போன் மட்டும் இன்னைக்கே பண்ணிடு. நம்பர் கையில இருந்தா பண்ணிக்கலாம்னு விட்டுட்டு ஒரு வருஷம் பர்ஸ்லயே வச்சிருந்தவன் நான், வேர்வைல நனைஞ்சு அழிஞ்சே போச்சு.

பேர்_சொல்லாதவ:

அண்ணனுங்க எல்லாம் பேசிட்டு இருக்கீங்க, நடுவுல நானும் ஒரு வரி. நான் பொண்ணு, ஐடி வேலை, நானும் குடிச்சவதான். கடைக்கே போனதில்ல, ஆன்லைன்ல ஜூஸ் வாங்கற மாதிரி பிரண்டு மூலமா வரும், ஃபிளாஸ்க்ல ஊத்தி மீட்டிங்ல உக்காந்து குடிப்பேன் (ஆபீஸ் மீட்டிங்). நேர்ல போன முதல் ஏஏ மீட்டிங்ல இருவது ஆம்பளைங்க, நான் மட்டும். "யாரோட வீட்டுக்காரிம்மா நீங்க, அல்-அனான் பக்கத்து ரூம்ல"ன்னு ஒருத்தர் அன்பா வழி காட்டினாரு 😅. இல்ல சார் நான் இந்த ரூமுக்குதான்னு சொன்னதுதான் என் முதல் ஷேரிங். இப்ப பெரும்பாலும் ஜூம்ல போறேன், பொண்ணுங்களுக்குன்னே தனி மீட்டிங் இருக்கு. கேமராவ ஆஃப் பண்ணிக்கலாம், பேர மாத்திக்கலாம். ஓவர்லாக் அண்ணா, உங்களுக்கும் பஸ் கெடைக்காத நாளைக்கு அது உதவும், ஆனா அதையே வச்சுக்கிட்டு வீட்லயே இருந்துடாதீங்க. ஜூம்ல யாரும் நம்ம வாய மோந்து பாக்க முடியாது, எனக்கு அதுதான் ஆபத்தா இருந்துச்சு.

திருப்பூர்_ஓவர்லாக்:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன். ஒம்பது நாள் வார்டுல இருந்தேன். எறும்பு வர்ல. இன்னையோட பதினஞ்சு நாள் ஆகுதுங்க.

நேத்து கோயமுத்தூர் போனேன். போன்ல பேசின அண்ணன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்னாரு, வேணாங்கண்ணா நானே வந்துக்கறேன்னு சொல்லிட்டேன். கேட்டு வரைக்கும் போய்ட்டு ரெண்டு தடவை தாண்டி நடந்தேன், மூணாவது தடவை வாட்ச்மேன் "மீட்டிங்குக்கா? மாடிப்படி ஏறி லெஃப்டுல"னுட்டாரு. என் மூஞ்சிலயே எழுதி இருக்குது போல.

உள்ள பதிமூணு பேரு. எல்லார் மூஞ்சியும் ஒரு தடவை பாத்தேன், தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. அவ்ளோ பயந்தனே, ஒருத்தர் கூட இல்லைன்னதும் கொஞ்சம் ஏமாத்தமாவே இருந்துச்சுங்க, சிரிக்காதீங்க. என் முறை வந்தப்ப கேக்க வந்தேன்னு சொல்லலாம்னுதான் வச்சிருந்தேன், வாய் அதுவா "என் பேரு இது, நான் குடிநோயாளி"னு சொல்லிருச்சு, அதுக்கு மேல வர்ல, அந்த நூல் கோத்த கதைய மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டேன். முடிஞ்சப்புறம் ஒரு வயசானவரு வந்து கைய புடிச்சு பாத்தாரு, நேரா நீட்டுனு சொன்னாரு, நீட்டினேன். இன்னும் லேசா நடுங்குது. "மூணு மாசத்துல நீயே கோப்ப"னாரு. அவரும் டெய்லரா இருந்தவராம், ஜாக்கெட் தைக்கறவரு.

வீட்டுக்காரிகிட்ட மூணாவது மாடி அக்கா எழுதினத காட்டினேன். படிச்சுட்டு போன திருப்பி குடுத்துருச்சு, ஒண்ணும் சொல்லல. பையன் மட்டும் நேத்து போன்ல எப்ப வரேன்னு கேட்டான்.

இப்ப ஒரே ஒரு பிரச்சனை, நாளைக்கு சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு சம்பளம் குடுப்பாங்க, கம்பெனில இருந்து ரூமுக்கு போற வழில ரெண்டு கடை. மீட்டிங் நாளைக்கு கோயமுத்தூர்ல எட்டு மணிக்குத்தான், ஆறு மணிலருந்து எட்டு மணி வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியல.

பழைய_குடிகாரன்_11:

அஞ்சே முக்காலுக்கு வயிறு நிறைய சாப்பிட்டுடு, பசியோட சம்பளம் வாங்கப் போகாத, பசில வர்ற ஏக்கம் பாதி குடி ஏக்கம் மாதிரியே இருக்கும். மாத்திரைய மறக்காத. சம்பளத்த வாங்கின கையோட பஸ் காச மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய கம்பெனி வாசல்லயே நின்னு போன்ல அம்மாவுக்கு அனுப்பிடு. ரூமுக்கு போகாத, நேரா பஸ் ஸ்டாண்டு. அந்த டெய்லர் பெரியவர் நம்பர் வாங்கினியா?

திருப்பூர்_ஓவர்லாக்:

அவரே ஒரு பிஸ்கட் அட்டைல எழுதி குடுத்தாருங்கண்ணா.

பழைய_குடிகாரன்_11:

பர்ஸ்ல வைக்காத. இப்பவே போன்ல சேவ் பண்ணு. ஆறு மணிக்கு அவருக்கு போன் போட்டு, பஸ் ஏறிட்டேன் எந்த ஸ்டாப்ல இறங்கணும்னு கேளு. எந்த ஸ்டாப்னு உனக்கு தெரியும், இருந்தாலும் கேளு.